ஒன்றுக்குப் பூஜ்யம்: பிரேசிலின் பாட்டும் பந்தும்

ஏறக்குறைய மூன்று நிமிட வாத்திய இசை அது. புல்லாங்குழல் முன்னால் ஓட, டெனார் சாக்ஸபோன் பின்னாலேயே வருகிறது. குழல் மேலே ஏறும்போது சாக்ஸ் கீழே இறங்கிக் காலி இடத்தை அடைக்கிறது. குழல் மூச்சு வாங்கும் அரை நொடியில் சாக்ஸ் உள்ளே புகுந்து நாலு சுரத்தைத் தட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. இரண்டு பேர் ஒரே பந்தை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு ஓடுவதைக் காதால் பார்ப்பது போலிருக்கும். பெயரும் அதற்கேற்றதுதான்: ‘உம் அ ஸேரோ’. தமிழில் சொன்னால் ‘ஒன்றுக்குப் பூஜ்யம்’. ஒரு கால்பந்துப் போட்டியின் முடிவையே தலைப்பாக வைத்த இசை.

அந்தப் போட்டி நடந்தது 1919 மே 29 அன்று, ரியோ டி ஜெனிரோவின் லரஞ்செய்ராஸ் மைதானத்தில். தென் அமெரிக்கக் கோப்பைக்கான தொடரில் பிரேசிலும் உருகுவேயும் சம புள்ளிகளோடு நின்றதால், முடிவு தெரிய மறுபடி மோதினார்கள். 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதலாக 30 நிமிடம் கொடுத்தார்கள், அப்போதும் இல்லை. சரி, இன்னொரு 30 நிமிடம் என்றார்கள். அது தொடங்கிய சிறிது நேரத்தில், தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தை ஆர்துர் ஃப்ரீடன்ரைஷ் வலைக்குள் அடித்தார். 150 நிமிட ஆட்டத்துக்கு ஒரே ஒரு கோல். பிரேசிலுக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. அவருடைய பூட்ஸை நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்து ஊருக்குக் காட்டினார்கள்.

ஃப்ரீடன்ரைஷின் தந்தை ஜெர்மன் வம்சாவளி; தாய் கறுப்பினப் பெண். ஆட்டத்துக்கு முன்னால் தன் சுருட்டை முடியில் எண்ணெய் தடவி, சூடான துண்டைச் சுற்றி, அது நேராகப் படிந்த பிறகுதான் அவர் மைதானத்தில் இறங்குவார் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டுக்கே கோப்பை வாங்கித் தந்தவருக்கும் தன் தலைமுடியை மறைக்க வேண்டியிருந்தது. அந்த வெற்றியைக் கொண்டாடி இசை எழுதிய பிஷிங்கின்யாவும் கறுப்பினத்தவர். அப்போது அவருக்கு 22 வயது.

பிரேசில் அணி ஆடும்போதெல்லாம் ‘சாம்பா ஆட்டம்’ என்று வர்ணனையாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தாளம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் மனம் ஒப்பவில்லை. ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டால், அதற்காக யார் உழைத்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள், யார் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள் என்ற கதை முழுக்க மறைந்துபோகிறது. பிரேசிலில் பாட்டும் பந்தும் ஒட்டிக்கொண்டதற்கு ரத்தம் காரணமல்ல. இரண்டையும் வளர்த்தவர்கள் ஒரே ஆட்கள். அதே சேரி, அதே ரயில் பாதையோரம், அதே வானொலி நிலையம், அதே பத்திரிகை அலுவலகம். பல நேரங்களில் அடைபட்டிருந்த கதவுகூட ஒன்றுதான்.

கதவு என்று சொன்னேன் அல்லவா, அதன் சாவி யாரிடம் இருந்தது என்று பார்ப்போம். ஆர்னால்டோ கின்லே என்பவர் சாந்தோஸ் துறைமுகத்தை நடத்திய பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, ஃப்ளூமினென்ஸே கிளப்பின் தலைவர். 1919 தொடருக்காக லரஞ்செய்ராஸ் மைதானத்தைக் கட்டி எழுப்பியது அவர் தலைமையில்தான். பிஷிங்கின்யா அதே ஆண்டில் ‘எட்டு பத்தூத்தாஸ்’ என்ற குழுவைச் சேர்த்து, ரியோவின் ஒரு திரையரங்க வரவேற்பறையில் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் படம் பார்க்க வந்ததா, வாசிப்பைக் கேட்க வந்ததா என்று தெரியாத அளவுக்குப் பேர் வாங்கினார்கள். 1922-ல் அந்தக் குழு பாரிஸ் போனது. பயணச் செலவைக் கொடுத்தவர் இதே கின்லே. கறுப்பர்கள் போய் நாட்டின் மானத்தை வாங்கப்போகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். குழு பல மாதம் பாரிஸில் வாசித்துவிட்டுத்தான் திரும்பியது. பிஷிங்கின்யா அங்கேதான் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார் என்றும், அதை வாங்கிக் கொடுத்ததும் கின்லேதான் என்றும் சொல்வார்கள். ‘ஒன்றுக்குப் பூஜ்யம்’ இசைத்தட்டாகப் பதிவானது 1946-ல். குழல் வாசித்தவர் பெனெடிட்டோ லசெர்டா. பின்னால் துரத்துகிற சாக்ஸ் பிஷிங்கின்யா.

இப்போது அதே கின்லேயின் இன்னொரு கையெழுத்தைப் பார்ப்போம். 1923-ல் வாஸ்கோ ட காமா கிளப் முதல் பிரிவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே ரியோ பட்டத்தை வென்றது. போர்ச்சுகீசிய வணிகர்களின் கிளப் அது. ஆனால் அணியில் கறுப்பர்கள், கலப்பினத்தவர், கூலித் தொழிலாளர்கள், எழுத்தறியாதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் ஆடும் பணக்கார கிளப்புகளால் அதைத் தாங்க முடியவில்லை. 1924-ல் அவர்கள் தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வாஸ்கோவும் சேரலாம், ஆனால் உங்கள் ஆட்டக்காரர்களில் 12 பேரை நீக்க வேண்டும் என்றார்கள். அந்த 12 பேர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் ஏப்ரல் 7-ல் ஒரு கடிதம் எழுதினார். எங்களுக்காக ஆடிப் பட்டம் வாங்கித் தந்த இளைஞர்களைப் பலியிட மாட்டோம், உங்கள் சங்கத்தில் சேரவில்லை என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? சங்கத்தின் தலைவர் ஆர்னால்டோ கின்லேவுக்கு.

இசைக் கலைஞர்களைக் கப்பலேற்றி அனுப்பியவரும், ஆட்டக்காரர்களை வாசலிலேயே தடுத்த சங்கத்தின் தலைவரும் ஒரே ஆள். இதில் முரண்பாடு இருப்பதாக அன்றைய ரியோவின் மேல்தட்டுக்குத் தோன்றியிருக்காது. கறுப்பர் மேடையில் வாசிக்கலாம், அங்கே அவர் மகிழ்விக்க வந்தவர். ஆனால் மைதானத்தில் எதிரே நின்று, சமமாக மோதி, ஜெயித்துவிட்டுப் போவது வேறு விஷயம். வாஸ்கோ அப்புறம் ரசிகர்களின் சந்தாவில் சொந்த மைதானமே கட்டியது. 1927-ல் திறந்த அந்த சாவோ ஜனுவாரியோ மைதானத்தில்தான் பின்னாளில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் பல்லாயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஒன்றாக நிறுத்திப் பாடவைத்தார்.

இரண்டையும் இணைத்த கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மாரியோ ஃபில்யோவின் கை. விளையாட்டுப் பத்திரிகையாளர். 1930-களின் தொடக்கத்தில் ‘முண்டோ எஸ்போர்திவோ’ என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். கால்பந்து சீசன் முடிந்துவிட்டால் பக்கத்தை நிரப்பச் செய்தி கிடையாது. அலுவலகத்தில் இருந்தவர்கள் யோசித்தார்கள்: மலைச்சேரிகளில் ‘சாம்பா பள்ளி’ என்று குழு குழுவாக இருக்கிறார்களே, அவர்களுக்குள் ஒரு போட்டி வைத்தால் என்ன? கால்பந்துக்கு இருப்பது போலவே நடுவர்கள், புள்ளிகள், வெற்றி தோல்வி. 1932 கார்னிவல் திருவிழாவில், ‘பிராசா ஒன்ஸி’ என்ற சதுக்கத்தில் அந்தப் போட்டி நடந்தது. மங்கெய்ரா பள்ளி வென்றது. இன்று உலகமே டிவியில் பார்க்கும் ரியோ சாம்பா பள்ளிப் போட்டியின் ஆரம்பம் இதுதான். பந்து இல்லாத மாதத்தில் விளையாட்டுப் பக்கம் காலியாக இருந்ததால் பிறந்த விழா.

அதே மாரியோ ஃபில்யோதான் 1940-களில் நகரத்துக்குப் பெரிய மைதானம் வேண்டும் என்று பத்திரிகையில் விடாமல் எழுதியவர். பிரேசில் கால்பந்தில் கறுப்பர்கள் பட்ட பாட்டை 1947-ல் முதன்முதலாக விரிவாகப் புத்தகமாக எழுதியவரும் அவர்தான். அப்படி எழுந்த மரக்கானா மைதானத்தின் அதிகாரபூர்வப் பெயர் ‘பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ மைதானம்’. மைதானத்தை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. பாதைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில், முதல் பட்டம் வென்ற மங்கெய்ராவின் மலைச்சேரி.

வானொலி வந்த பிறகு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது. ஆரி பரோசோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் இரண்டாவது தேசிய கீதம் போல ஒலிக்கும் ‘அக்வரேலா து பிரசில்’ பாட்டை 1939-ல் தந்தவர். அதே மனிதர் கால்பந்து வர்ணனையாளரும்கூட. கூட்டத்தின் இரைச்சலில் ‘கோல்’ என்ற கத்தல் மைக்கில் எடுபடாது என்பதால் ஒரு சின்ன வாய்வாத்தியத்தை வைத்து ஊதுவார். அவர் ஆதரித்த ரியோ கிளப்பான ஃப்ளமெங்கோ கோல் அடித்தால் நீளமாக, குஷியாக ஊதுவார். எதிரணி அடித்தால் ஒரே ஒரு சோகச் சத்தம். நடுநிலை என்ற பாவனையே அவரிடம் கிடையாது, நேயர்கள் அதற்காகவே கேட்டார்கள். ஹாலிவுட்டில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் வேலைக்கு அழைத்தபோது, ‘இங்கே ஃப்ளமெங்கோ இல்லையே’ என்று மறுத்துவிட்டதாக ரியோவில் இன்றும் சொல்கிறார்கள். 1942-ல் ஜைமி டி கார்வால்யோ என்ற ஃப்ளமெங்கோ ரசிகர் நண்பர்களோடு தாரை, முரசு எடுத்துக்கொண்டு கேலரியில் வாசிக்க ஆரம்பித்தபோது, இது பேண்டு அல்ல, ‘ஷரங்கா’, அதாவது சுருதி சேராத தெருவாத்தியக் கூட்டம் என்று விமர்சித்தாராம் ஆரி. அந்தக் கூட்டம் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. ரசிகர் மன்றம் வாத்தியத்தோடு மைதானத்துக்கு வருவது இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. அங்கே அதைத் தொடங்கி வைத்தது இந்த ஷரங்காதான்.

கிளப் பாட்டுகளின் கதை இன்னும் சுவையானது. ஒவ்வொரு கிளப்புக்கும் அதிகாரபூர்வமாக விறைப்பான கீதங்கள் இருந்தன. யாரும் பாடவில்லை. 1940-களில் லமர்த்தீன் பாபோ, கார்னிவல் பாட்டுகளில் கொடிகட்டிப் பறந்தவர், ஒரு வானொலி நிகழ்ச்சியில் விட்ட சவாலை ஏற்று ரியோ கிளப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பாட்டு எழுதினார். மொத்தம் 11. ஃப்ளமெங்கோ, ஃப்ளூமினென்ஸே, வாஸ்கோ, பொட்டாஃபோகோ என்ற நாலு பெரிய கிளப்புகளோடு பங்கு, மதுரெய்ரா, ஒலாரியா போன்ற சின்ன கிளப்புகளுக்கும். இவர் ஆதரித்ததோ அமெரிக்கா என்ற கிளப்பை. எதிரிகளுக்கு எழுதிய பாட்டிலும் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. எல்லாமே கார்னிவல் நடை மெட்டு என்பதால், ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்று மரக்கானாவில் ஃப்ளமெங்கோவின் ஆட்கள் எழுந்து நின்று பாடுவது அவர் எழுதியதைத்தான். அமெரிக்கா 1960-ல் பட்டம் வென்றபோது, அந்த கிளப்பின் அடையாளமான சாத்தான் வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார் பாபோ. மூன்று வருடம் கழித்து இறந்துபோனார்.

தெற்கே போர்த்தோ அலெக்ரேயில் கிரேமியோ கிளப்பின் பாட்டு 1953-ல் வந்தது. டிராம் வேலைநிறுத்தம் நடந்த நாளில் ரசிகர்கள் நடந்தே மைதானம் போனதைப் பார்த்து, நடந்தாவது வருவோம் என்று தொடங்கும் பாட்டை எழுதினார் லூபிசீனியோ ரோட்ரிகஸ். பெரிய பாடலாசிரியர், கறுப்பினத்தவர். அந்தப் பாட்டு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 1952-ல்தான், தெசூரின்யா வந்து சேர்ந்து கிரேமியோவின் நிறத்தடை உடைந்திருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சை என்னவோ செய்கிறது.

1950 உலகக் கோப்பையில் பாட்டு எப்படி மைதானத்துக்குள் வந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். ஜூலை 13, மரக்கானா, பிரேசிலுக்கும் ஸ்பெயினுக்கும் ஆட்டம். பிரேசில் கோல் மேல் கோல் அடித்து 6-1 என்று முடித்தது. கேலரியில் யாரோ 1938 கார்னிவலில் வந்த ‘மாட்ரிட் காளைச் சண்டை’ பாட்டை எடுத்துக் கொடுக்க, ஒன்றரை லட்சம் பேர் ஒரே குரலில் பாடினார்கள். எதிரே ஸ்பெயின்காரர்கள், பாட்டோ ஸ்பெயினைக் கேலி செய்வது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பிராகின்யா கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தன் பாட்டை இத்தனை பேர் பாடுவதைக் கேட்டு அவருக்கு அழுகை வந்துவிட்டது. தோற்ற வருத்தத்தில் அழும் ஸ்பெயின்காரர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். மூன்றே நாள் கழித்து, ஜூலை 16 அன்று, அதே கேலரி, கோப்பையை முடிவு செய்யும் ஆட்டம். உருகுவேயின் கிஜ்ஜா இரண்டாவது கோலை அடித்தபோது மைதானமே மௌனமானது. மரக்கானாவை வாயடைக்க வைத்தவர்கள் மூன்றே பேர், போப்பாண்டவர், ஃபிராங்க் சினாட்ரா, அப்புறம் நான் என்று கிஜ்ஜா பிற்காலத்தில் சொன்னது பிரபலம். பாடத் தெரிந்த கூட்டம் பாடாமல் நிற்பதன் பயங்கரத்தை அந்த நாளை எழுதிய எல்லாரும் சொல்கிறார்கள்.

சரி, ஆட்டத்துக்குள்ளேயே தாளம் இருக்கிறதா? இந்தக் கேள்வியைத் தவிர்க்கவும் முடியாது. சாம்பா இரண்டு அடித் தாளம். சுர்டோ என்ற பெருமுரசு முதல் அடியில் ஒதுங்கிப்போய், இரண்டாவது அடியில் கனமாக விழும். கையளவு வட்டத் தோல்கருவியான டம்போரிம், நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அடிக்காமல் அதற்கு இடையில் அடிக்கும். கேட்பவனின் உடம்பு அந்த விட்டுப்போன இடத்தை நிரப்பத் தானாக அசையும். இந்த உடல் அசைவுக்கு ‘ஜிங்கா’ என்று பெயர். அடிமைகள் வளர்த்த கபோய்ரா சண்டைக் கலையின் அடிப்படை அசைவும் அதுவே.

பிரேசில் அணியின் வலது ஓர ஆட்டக்காரர் கரிஞ்சாவின் பழைய காட்சிகளைப் பாருங்கள். வலது ஓரத்தில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்தவை. எதிரே தடுப்பாட்டக்காரர். வலப்பக்கமாகத்தான் போகப்போகிறார் என்பது மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும், எதிரே நிற்பவருக்கும் தெரியும். உடம்பு இடப்பக்கம் சாய்கிறது, பந்து அசையவில்லை. தடுப்பவர் சாய்ந்து, திரும்ப நிமிர்கிறார். மறுபடி ஒரு சாய்வு. தடுப்பவரின் எடை தவறான காலில் விழுந்த நொடியில் வலப்பக்கம் போய்விடுகிறார். விழ வேண்டிய அடி விழாமல், அடுத்த அடிக்கு முன்னால் விழுகிறது. ஜிங்காவைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்ல வருவது இதைத்தான். இது பிறவிக் குணமல்ல. கபோய்ரா வட்டத்திலும் சாம்பா வட்டத்திலும் தெருப் பந்திலும் ஒரே பையன்கள் ஆடி வளர்ந்ததால் உடம்பு கற்றுக்கொண்டது.

நம் கண்ணைப் பழக்கியதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1959-ல் கார்லோஸ் நீமாயர் தொடங்கிய ‘கனால் 100’ செய்திப்படம் வாரா வாரம் திரையரங்குகளில் ஓடியது. புல்தரை மட்டத்தில் கேமராவை வைத்து, கால்களையும் பந்தையும் மிக அருகில், நிதான வேகத்தில் காட்டுவார்கள். இடையிடையே பல் போன கிழவர், வானொலிப் பெட்டியைக் காதில் வைத்த பையன் என்று கேலரி முகங்கள். பின்னணியில் லூயிஸ் பண்டெய்ரா எழுதிய ஒரு சாம்பா. ஒரு தலைமுறை முழுக்கக் கால்பந்தை இந்தத் தாளத்தோடுதான் பார்த்தது. வெட்டி ஒட்டும் மேஜையில் பாட்டும் பந்தும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன என்று சொன்னாலும் தப்பில்லை.

ராணுவ ஆட்சி வந்தபோது இந்தப் பிணைப்பை அதிகாரமும் பயன்படுத்திக்கொண்டது. 1970 உலகக் கோப்பைக்காக மிகெல் குஸ்தாவோ எழுதிய ‘முன்னே செல் பிரேசில்’ பாட்டு, களத்தில் இறங்கும் 9 கோடி மக்களைப் பற்றியது. மெட்டு அருமை, இன்றும் கேட்டால் கால் தட்டும். அதே வேளையில் சித்திரவதைக் கூடங்கள் நடந்துகொண்டிருந்தன. சர்வாதிகாரி மெடிசி காதில் டிரான்சிஸ்டரோடு போட்டோவுக்கு நின்றார். அந்தப் பாட்டைக் கேட்கும்போது வரும் மகிழ்ச்சியும் கூச்சமும் அந்த வயதுக்காரர்களிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

எதிர்ப்பாட்டும் கால்பந்தின் மொழியிலேயே வந்தது. அந்நாளில் ஆட்டக்காரரின் ‘பாஸி’, அதாவது அவர் எங்கே ஆடலாம் என்ற உரிமை, கிளப்புக்குச் சொந்தம். பொட்டாஃபோகோவின் நடுக்கள ஆட்டக்காரர் அஃபோன்சின்யோ ஒரு மருத்துவ மாணவர். தாடியையும் நீண்ட முடியையும் எடுத்தால்தான் ஆடலாம் என்று கிளப் சொன்னது. அவர் எடுக்கவில்லை. ஆடவும் விடவில்லை, வேறு கிளப்புக்குப் போகவும் விடவில்லை. வழக்குப் போட்டு 1971-ல் தன் உரிமையைத் தானே வாங்கிக்கொண்டார். நாடு கடத்தப்பட்டு லண்டனில் இருந்துவிட்டு 1972-ல் திரும்பியிருந்த ஜில்பெர்த்தோ ஜில், மறு வருடம் அஃபோன்சின்யோவுக்கு எழுதும் கடிதம் போல ஒரு பாட்டு எழுதினார். பெயர் ‘நடுக்களம்’. தணிக்கை அதிகாரிகள் கத்தரியோடு உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு கால்பந்துக்காரரின் பெயரைச் சொன்னாலே கேட்பவர்களுக்கு விடுதலை என்று புரிந்தது.

பாடகர் ஷிக்கோ புவார்க்கியைச் சொல்லாமல் நகர முடியாது. ஃப்ளூமினென்ஸே பக்தர். ‘பொலித்தெயாமா’ என்று சொந்தமாக ஒரு அணியே வைத்திருப்பவர். 1980 மார்ச்சில் ரியோ வந்த ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி பந்து ஆடியது இவருடைய மைதானத்தில்தான். 1969-ல் இவருக்கு மகள் பிறந்தபோது, ஃப்ளமெங்கோ வெறியரான பாடகர் சீரோ மொண்டெய்ரோ குழந்தைக்குப் பரிசாக ஃப்ளமெங்கோ சட்டையை அனுப்பினார். எதிரி வீட்டுத் தொட்டிலில் கொடி நடுவது மாதிரி. ஷிக்கோ பதிலை ஒரு சாம்பாவாகவே எழுதி அனுப்பினார். ரோமில் அரசியல் காரணத்தால் ஒதுங்கி வாழ்ந்த நாட்களில் அவர் அடிக்கடி காரில் கூட்டிக்கொண்டு சுற்றியவர் யார் தெரியுமா? கரிஞ்சா.

பாடகர் ஜோர்ஜி பென் சிறு வயதில் ஃப்ளமெங்கோவின் இளையோர் அணியில் ஆடியவர். 1972 ஜனவரி 15 அன்று மரக்கானாவில் ஃப்ளமெங்கோ, போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்போடு நட்பு ஆட்டம் ஆடியது. ரசிகர்கள் கத்திக் கேட்டதால் ஃபியோ என்ற ஆட்டக்காரரை இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். அவர் கோலியையும் தாண்டிப்போய் ஒரு கோல் அடித்தார். அந்த ஒரே கோலை, அது விழுந்த விதத்தையே அப்படியே பாட்டாக்கினார் பென். அதே ஆண்டு பாட்டு விழாவில் மரியா அல்சீனா பாடி நாடே முணுமுணுத்தது. பிறகு பெயரைப் பயன்படுத்தியதற்காக வழக்கு வந்தது. பென் ‘ஃபியோ’வை ‘ஃபில்யோ’ என்று மாற்றிப் பாடினார். ஃபியோ அமெரிக்காவுக்குப் போய் சான் ஃபிரான்சிஸ்கோவில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். பல வருடம் கழித்து, பழைய பெயரிலேயே பாடலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பாடகி எல்சா சோரெஸின் கதையை நான் எப்போது படித்தாலும் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ரியோவின் மேற்குச் சேரி ஒன்றில் பிறந்து, சிறுமியாகவே மணம் முடித்து வைக்கப்பட்டவர். குழந்தையின் மருந்துக்குப் பணம் வேண்டும் என்று வானொலியின் புதுமுகப் போட்டிக்குப் போனார். அம்மாவின் உடையை ஊசி குத்திச் சுருக்கி உடுத்தியிருந்தார். மேடையில் இருந்தவர் ஆரி பரோசோ, அதே கோல் ஊதுகிற ஆரி. கூட்டம் சிரித்தது. எந்தக் கிரகத்திலிருந்து வருகிறாய் பெண்ணே என்று கேட்டார் ஆரி. ‘உங்கள் கிரகத்திலிருந்துதான், பசிக் கிரகம்’ என்றார் எல்சா. பாடி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

1962-ல் சிலி உலகக் கோப்பைக் காலத்தில் அவருக்கும் கரிஞ்சாவுக்கும் காதல் வந்தது. கரிஞ்சாவுக்கு மனைவியும் பல பெண் குழந்தைகளும் இருந்தார்கள். நாடே எல்சாவைத்தான் தூற்றியது. வீட்டைத் தாக்கினார்கள். கரிஞ்சாவின் முழங்கால் தேய்ந்து போனதற்கும் குடிப் பழக்கத்துக்கும்கூட அவள்தான் காரணம் என்றார்கள். வலியோடு இருந்தவருக்கு ஊசி போட்டு ஆடவைத்தவர்களைப் பற்றி யாரும் பாட்டுப் பாடவில்லை. 1980 கார்னிவலில் மங்கெய்ரா பள்ளியின் ஊர்தியில் கரிஞ்சாவை உட்கார வைத்து அழைத்துப் போனார்கள். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அவரோ எங்கோ பார்த்தபடி, கையைக்கூடச் சரியாக அசைக்க முடியாமல் இருந்தார். 1983 ஜனவரி 20-ல் இறந்தார். எல்சா அதற்குப் பிறகும் பாடிக்கொண்டே இருந்தார். 80 வயதைத் தாண்டியும் புதிய இளைஞர்களோடு புதிய சத்தத்தில் ஆல்பம் போட்டார். 91 வயதில், 2022-ல் அவர் இறந்ததும் ஜனவரி 20 அன்றுதான்.

கடைசியாக ஒரு புளியமரம். நம்மூரில் இருக்கிற அதே புளி. ரியோவின் வடக்குப் புறநகரான ராமோஸில், ‘காசிக்கி டி ராமோஸ்’ என்ற கார்னிவல் குழுவின் வளாகத்தில் நிற்கிறது. 1970-களில் அங்கே வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நண்பர்கள் பந்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் பீர், சாப்பாடு, மரத்தடியில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாம்பா. அந்த மேஜையில் பெரிய முரசுக்கு இடமில்லை. அதனால் கையாலேயே தட்டும் ‘தந்தான்’ வந்தது. கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று பாஞ்சோவைக் கொண்டுவந்தார்கள். இப்படித்தான் பின்னாளில் ‘பகோடே’ என்று பெயர் பெற்ற புதிய சாம்பா உருவானது, வியர்வைச் சட்டை காயும் நேரத்தில்.

இந்த இடத்துக்குப் பாடகி பெத் கார்வால்யோவை அழைத்துவந்தவர் ஒரு கால்பந்துக்காரர்: அல்சீர் போர்தெல்லா, 1974-ல் தேசியப் பட்டம் வென்ற வாஸ்கோவின் கேப்டன். பெத் பொட்டாஃபோகோ ஆதரவாளர், எதிரணி. ஆனாலும் வந்து உட்கார்ந்து கேட்டார். அந்தப் பையன்களையே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் 1978-ல் பதிவு செய்தார். அதில் வந்த ‘வோ ஃபெஸ்தெஜார்’ பாட்டை, துரோகம் செய்த காதலரின் வீழ்ச்சியைக் கொண்டாடுவதாகப் பாடுவதை, பொட்டாஃபோகோவும் அத்லெதிகோ மினெய்ரோவும் கேலரியில் எடுத்துக்கொண்டன. எதிரணி தோற்கும்போது பாட அதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்.

சில வருடம் கழித்து அதே மரத்தடியில் ஒல்லியான இன்னொரு இளைஞர் பாடுவதை பெத் கேட்டார். 1983-ல் தன் ஆல்பத்தில் அவரையும் பாடவைத்தார். பெயர் ஜெக்கா பகோடின்யோ. 2002-ல் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போன பிரேசில் அணியின் பேருந்தில் ரொனால்டின்யோவும் மற்றவர்களும் பண்டெய்ரோ என்ற கைத்தோல்கருவியைத் தட்டிப் பாடிக்கொண்டே மைதானங்களுக்குப் போனார்கள். தொடர் முழுக்க அவர்கள் திரும்பத் திரும்பப் பாடியது ஜெக்காவின் பாட்டை: வாழ்க்கை இழுத்த இழுப்புக்குப் போகிறேன் என்று சொல்வது. ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் ஜெர்மனியை 2-0 என்று வென்று, ஐந்தாவது கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.